நதிமூலம் தேடி: இட்டாஸ்கா ஏரியின் கதை

"ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக் கூடாது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெருமைமிக்க முனிவரின் பிறப்பை ஆராய்ந்தால் மிக எளிய குடிலில் போய் நிற்போம். பரந்து விரிந்த ஆற்றின் பிறப்பிடத்தைத் தேடிப் போனால் சேறும் பாசியும் கலந்த சிறு சுனையைக் கண்டு, "இவ்வளவுதானா!" என்று ஏமாந்து திரும்புவோம். ஆகவே பார்க்க வேண்டாம் என்றார்கள் போலும்.

ஆனால் புவியியல் படிக்கும் மாணவிகளாகிய நாம் நதிமூலம் பார்க்காமல் இருக்கலாமா? உலகப் படத்தை விரித்து வட அமெரிக்காவைப் பாருங்கள். நாட்டின் நடுவே மேலிருந்து கீழாகத் தடித்த நீலக் கோடு ஒன்று ஓடும். அதுதான் மிசிசிப்பி ஆறு. அதன் முகத்துவாரத்தைத் தேர்வில் குறிக்கச் சொன்னால் எல்லோரும் குறித்துவிடுவோம். அதன் தலையைக் குறிக்கச் சொன்னால்? நீலக் கோடு மெலிந்து மெலிந்து, நூலாகி, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியில் மறைந்துவிடும். அந்தப் புள்ளியின் பெயர் இட்டாஸ்கா ஏரி. அந்தச் சிறு ஏரி எப்படிப் பிறந்தது, அதை யார் கண்டார்கள், யார் காத்தார்கள் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைவிடமும் உருவமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகோடியில், கனடாவை ஒட்டியிருப்பது மினசோட்டா மாநிலம். அதன் வடபகுதியில், ஊர்ச் சந்தடிக்கு வெகு தொலைவில், பைன் மரக் காடுகளுக்கு நடுவே இட்டாஸ்கா அமைந்துள்ளது. கடல் மட்டத்துக்கு மேல் 1,475 அடி, அதாவது ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில் உள்ளது. பெரிய ஆறுகள் யாவும் வானளாவிய மலைச் சிகரங்களில்தான் தோன்றும் என்று நாம் எண்ணுகிறோம். இங்கோ மலையே இல்லை. சிறு குன்றுகளும், சதுப்பு நிலங்களும், நூற்றுக்கணக்கான குட்டி ஏரிகளுமே உள்ளன. இட்டாஸ்காவைச் சூழ்ந்துள்ள பூங்கா எல்லைக்குள் மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன.

ஏரியின் பரப்பு ஆயிரம் ஏக்கருக்குச் சற்று அதிகம். ஆழமும் பெரிதன்று, பெரும்பகுதி 20 முதல் 35 அடிக்குள் அடங்கும். உருவமோ வேடிக்கையானது. சிறுவர்கள் விளையாடும் கவண்கோலைத் தலைகீழாகப் பிடிக்காமல் நேராகப் படத்தின்மேல் வைத்து, அதன் கைப்பிடி வடக்கே இருக்குமாறு திருப்பிக் கொள்ளுங்கள். கைப்பிடி வடக்குக் கிளை; பிரியும் இரண்டு கவைகள் தென்கிழக்குக் கிளையும் தென்மேற்குக் கிளையும். மூன்றும் கூடுமிடத்துக்கு அருகே ஒரு சிறு தீவு. தெற்கிலிருந்து ஓடைகளும் ஊற்றுகளும் ஏரிக்கு நீர் கொண்டுவருகின்றன. இரு கவைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் எல்க் ஏரி என்ற சிறிய ஏரி ஒன்று உண்டு; அதன் நீரும் சிற்றோடை வழியாக இட்டாஸ்காவில்தான் வந்து சேர்கிறது. வடக்குக் கிளையின் நுனியில் நீர் வெளியேறுகிறது. வெளியேறும் அந்த நீரே மிசிசிப்பி!

நம் ஊரில் 'ஏரி' என்றவுடன் உயர்ந்த கரையும், மதகும், கலிங்கும் நம் நினைவுக்கு வரும். நம் முன்னோர் வெட்டிக் கட்டிய ஏரிகள் அவை. இட்டாஸ்காவை எவரும் வெட்டவில்லை. அப்படியானால் இந்தப் பள்ளம் எப்படி வந்தது?

பனி செதுக்கிய பள்ளம்

இதற்கு விடை காணப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் செல்ல வேண்டும். பனி யுகத்தில் வட அமெரிக்காவின் வடபாதி முழுவதையும் பனிப்பாளம் மூடியிருந்தது. அது சும்மா கிடக்கவில்லை. தன் எடையாலேயே மெல்ல மெல்ல நகர்ந்தது. நகரும்போது பாறைகளை உடைத்து, மண்ணைச் சுரண்டி, எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு போயிற்று. வெப்பம் கூடியபோது பனி உருகிப் பின்வாங்கியது. தள்ளிவந்த கல்லும் மணலும் களிமண்ணும் போட்டது போட்டபடி குவியல்களாக நின்றன. இக்குவியல்களைப் புவியியலார் 'பனியாற்றுப் படிவு' என்பர். இட்டாஸ்காவைச் சுற்றியுள்ள குன்றுகள் அத்தகையவையே.

பனிப்பாளத்தின் அடியில் ஓடிய உருகுநீர் சில இடங்களில் நீண்ட பள்ளங்களை அறுத்தது. வேறு சில இடங்களில் பெரும் பனிக்கட்டிகள் மண்ணுக்குள் புதைந்து போயின. வெகு காலம் கழித்து அவை உருகியபோது மேலே இருந்த மண் உள்வாங்கிக் குழியாயிற்று. மரத்தூளுக்குள் புதைத்து வைத்த ஐஸ் கட்டி கரைந்ததும் தூள் சரிந்து குழி விழுகிறதே, அதுபோல! இப்பள்ளங்களிலும் குழிகளிலும் ஊற்று நீரும் மழை நீரும் நிரம்பவே ஏரிகள் தோன்றின. இட்டாஸ்காவும் பனியுகம் விட்டுச் சென்ற செல்வமே.

இவ்வேரிக் கரையில் மனிதர் நடமாட்டமும் மிகப் பழமையானது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் வேட்டையாடிய மக்கள், நீரருந்த வந்த காட்டெருமைகளை இங்கே வீழ்த்தியதற்கு அடையாளமாக எலும்புகளும் கல்லாயுதங்களும் கிடைத்துள்ளன.

ஆறு அடியெடுத்து வைக்கும் இடம்

ஏரியின் வடகோடியில் கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றின் இடைவெளி வழியே நீர் சலசலத்து வழிகிறது. அகலம் 20 முதல் 30 அடி வரைதான். ஆழம் முழங்கால் அளவு. சிறு பிள்ளையும் ஆடையைச் சற்றே தூக்கிக்கொண்டு மிசிசிப்பியைக் கடந்து அக்கரை சேர்ந்துவிடலாம்! நீரின் வேகமும் நாம் நடக்கும் வேகத்தில் பாதியே.

இங்கே வினாடிக்குச் சராசரியாக 6 கன அடி நீர் ஓடுகிறது. இதே ஆறு நியூ ஆர்லியன்ஸ் நகரை அடையும்போது வினாடிக்கு 6,00,000 கன அடி. அதாவது ஒரு லட்சம் மடங்கு! இடையில் மிசௌரி, ஒஹையோ முதலிய எத்தனையோ துணையாறுகள் வந்து கலக்கின்றன. பத்து மாநிலங்களின் வழியாகவும் எல்லைகளை ஒட்டியும் மிசிசிப்பி பாய்கிறது. அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக உள்ள அமெரிக்க நிலப்பரப்பில், ஐந்தில் இரண்டு பங்கு நிலத்தின் மழைநீர் இந்த ஆற்றில்தான் வடிகிறது.

இன்னொரு விந்தையும் கேளுங்கள். தெற்கே மெக்சிகோ வளைகுடாவில் கலக்க வேண்டிய ஆறு, பிறந்தவுடன் வடக்கு நோக்கி ஓடுகிறது! பெமிட்ஜி என்ற ஊருக்கு அருகே கிழக்கே திரும்பி, காஸ் ஏரி, வின்னிபிகோஷிஷ் ஏரி ஆகியவற்றினூடே புகுந்து வெளிவந்து, பிறகே தெற்கு வழியைப் பிடிக்கிறது. படத்தில் பார்த்தால் ஒரு கேள்விக்குறி போல் தோன்றும். காரணம், அப்பகுதி ஏறக்குறையத் தட்டையான நிலம். பனிக் குவியல்கள் எங்கே வழி விட்டனவோ அங்கேதான் நீர் போக முடியும். இட்டாஸ்காவுக்கு மேற்கே சிறிது தொலைவில் பெய்யும் மழை, மிசிசிப்பிக்கு வராமல் வேறு ஆறுகளில் சேர்ந்து, வடக்கே ஹட்சன் வளைகுடாவுக்குப் போய்விடுகிறது. ஒரு குன்றின் இந்தச் சரிவா, அந்தச் சரிவா என்பதைப் பொறுத்து ஒரு மழைத்துளியின் வாழ்வே மாறிவிடுகிறது அல்லவா?

இட்டாஸ்காவை விட்டுப் புறப்படும் நீர்த்துளி கடலைச் சேர ஏறத்தாழ 90 நாட்கள் ஆகுமாம். நமக்குப் புரியும்படி சொன்னால், காலாண்டுத் தேர்வன்று கிளம்பும் துளி அரையாண்டுத் தேர்வுக்குத்தான் போய்ச் சேரும்! அதற்குள் அது கடக்கும் தூரம் ஏறத்தாழ 3,770 கிலோமீட்டர். ஆறு தொடங்கும் இடத்தில் நட்டுள்ள பெரிய மரத்தூணில் 2,552 மைல் (சுமார் 4,100 கிலோமீட்டர்) என்று பொறித்திருக்கிறார்கள். இன்றைய கணக்கு அதைவிடக் குறைவு. ஆறு தானே தன் வளைவுகளை அறுத்து நேராகப் பாய்ந்துகொள்வதாலும், மனிதர் கப்பல் போக்குவரத்துக்காகச் சில வளைவுகளை வெட்டிவிட்டதாலும், அளக்கும் முறை மாறுவதாலும் ஆற்றின் நீளம் என்பது என்றும் மாறாத எண் அன்று.

தேடி அலைந்தவர்கள்

இத்தகைய பேராற்றின் தலையைக் கண்டவர் என்ற பெயரைப் பெறப் பலர் போட்டியிட்டனர். 1806-ல் ஜெபுலன் பைக் என்ற இராணுவ அதிகாரி கடும் பனிக்காலத்தில் லீச் ஏரி வரை சென்று, அதுவே முக்கிய மூலம் என்றார். 1820-ல் லூயிஸ் காஸ் என்பவர் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கும் காஸ் ஏரியோடு திரும்பினார். 1823-ல் இத்தாலியரான பெல்ட்ராமி வேறொரு சிற்றேரியைக் கண்டு, அதுதான் மூலம் என்று அறிவித்தார். மூவரும் ஆற்றின் தலையைத் தொடவில்லை.

1832-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்ற அரசு அதிகாரி, ஒரு சிறு குழுவுடன் மரப்பட்டைப் படகுகளில் வந்து ஏரியை அடைந்தார். கண்டுபிடித்தவர் என்று புத்தகங்கள் அவரையே குறிப்பிடுகின்றன. ஆனால் அவருக்கு வழி காட்டியவர் யார்? ஓசாவிண்டிப் என்னும் ஒஜிப்வே பழங்குடித் தலைவர். எந்த ஓடையில் படகைச் செலுத்த வேண்டும், எந்த இடத்தில் படகைத் தோளில் சுமந்து காட்டைக் கடக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒஜிப்வே மக்கள் இந்த ஏரியை வெகு காலமாக அறிந்திருந்தனர். தம் மொழியில் 'எல்க் மான் ஏரி' என்று பொருள்படும் பெயரிட்டு அழைத்தனர். அங்கு வந்த பிரெஞ்சு வணிகரும் அதே பொருளில்தான் பெயர் சொன்னார்கள். 'மிசிசிப்பி' என்ற பெயரே 'பேராறு' எனப் பொருள்படும் அப்பழங்குடியினரின் சொல்லிலிருந்து வந்ததுதான். ஒருவர் வீட்டுக் கிணற்றை அவரே கூட்டிச் சென்று காட்ட, பார்த்தவர் "நான் கண்டுபிடித்தேன்" என்று சொல்வது பொருந்துமா? தோழியரே, நீங்களே சொல்லுங்கள்.

ஸ்கூல்கிராஃப்ட் அந்த ஏரியில் தங்கியது சில மணி நேரமே. நடுவிலிருந்த தீவில் கொடியேற்றிவிட்டுத் திரும்பிவிட்டார். அத்தீவு இன்று அவர் பெயரால் வழங்குகிறது. 1836-ல் வந்த ஜோசப் நிக்கோலே என்ற பிரெஞ்சு அறிஞர்தான் கருவிகளைக் கொண்டு அளந்து, ஏரிக்கு நீர் கொண்டுவரும் ஓடைகளை ஆராய்ந்து, நல்லதொரு படம் வரைந்தார்.

பெயர் வந்த விதம்

'இட்டாஸ்கா' என்பது கேட்பதற்குப் பழங்குடிப் பெயர் போல ஒலிக்கிறது. ஆனால் அது இலத்தீன்! உண்மையான தலை என்று பொருள்படும்படி இலத்தீனில் என்ன சொல்லலாம் என்று ஸ்கூல்கிராஃப்ட், உடன் வந்த வில்லியம் பௌட்வெல் என்ற சமயப் போதகரிடம் கேட்டார். அவருக்கு நினைவு வந்த சொற்கள் இரண்டு. ஒன்று 'வேரித்தாஸ்', அதாவது உண்மை. நம் இல்லங்களில் வானொலி வாயிலாகப் பழகிய அதே சொல்தான்! மற்றொன்று 'காபுத்', அதாவது தலை. இரண்டையும் சேர்த்தெழுதி, முன்னால் உள்ள 'வேர்' என்ற பகுதியையும் பின்னால் உள்ள 'புத்' என்ற பகுதியையும் வெட்டிவிட்டால் நடுவில் நிற்பது 'இத்தாஸ்கா'. அமெரிக்கர் நாவிலும் நம் எழுத்திலும் அது இட்டாஸ்கா ஆயிற்று.

இலத்தீன் இலக்கணம் அறிந்தவர்கள் 'உண்மையான தலை' என்பதற்கு 'வேரும் காபுத்' என்றல்லவா வரவேண்டும் என்பார்கள். இருக்கட்டும். எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது வேறொன்று. அவர் வெட்டி எறிந்த முதல் துண்டு நம் தமிழில் 'வேர்'! ஆற்றின் வேரைத் தேடிப் போனவர், பெயரிலிருந்து வேரை வெட்டிவிட்டார். ஒஜிப்வே மக்கள் வைத்த பழைய பெயரும் அத்துடன் வெட்டுண்டு போயிற்று. அந்தப் பழம் பெயரின் பொருள் மட்டும் பக்கத்திலுள்ள எல்க் ஏரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எது உண்மையான தலை?

பெயரிலேயே உண்மை இருந்தும் சண்டை ஓயவில்லை. 1881-ல் வில்லார்ட் கிளேசியர் என்பவர் வந்து, "இட்டாஸ்கா அன்று, அதற்குத் தெற்கேயுள்ள எல்க் ஏரியே மூலம்" என்று சாதித்தார். அதற்குத் தம் பெயரையே சூட்டி நூலும் எழுதிவிட்டார். இதனால் எழுந்த வாதத்தைத் தீர்க்க, ஜேக்கப் புரோவர் என்பவர் 1880-களின் இறுதியில் அப்பகுதியை அங்குலம் அங்குலமாக அளந்தார். எல்க் ஏரியும் ஓடைகளும் ஊற்றுகளும் யாவும் ஒரே பெரிய நீர்ப்பிடிப்புப் பள்ளத்தின் உறுப்புகள். அந்நீர் முழுவதையும் திரட்டி ஓர் ஆறாக அனுப்புவது இட்டாஸ்காவே என்று அவர் முடிவு கூறினார்.

நான் இதைப் படித்தபோது ஒன்று தெளிவாயிற்று. ஆற்றின் தலை என்பது ஊசி முனை போன்ற ஒரு புள்ளி அன்று. சுற்றிலுமுள்ள காடும், சதுப்பும், ஊற்றும், ஓடையும் சேர்ந்த ஒரு குடும்பமே ஆற்றைப் பெற்றெடுக்கிறது. நீளத்தை மட்டும் கணக்கிட்டால், துணையாறாகிய மிசௌரியின் தொலைதூர ஊற்றிலிருந்து அளக்க வேண்டும் என்பாரும் உண்டு. அப்படி அளந்தால் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். மலைகள் நிறைந்த மான்டானா மாநிலத்திலுள்ள அந்த ஊற்றின் பெயர் என்ன தெரியுமா? புரோவர் ஊற்று! அதைத் தேடிச் சென்றவரும் அதே ஜேக்கப் புரோவர்தான்.

ஏரியின் உயிர்கள்

கரையெங்கும் செம்பைன், வெண்பைன் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. 200 ஆண்டுகளைத் தாண்டிய செம்பைன்களும் அவற்றுள் உண்டு. கோடையில் 'லூன்' எனப்படும் நீர்ப்பறவையின் குரல் ஏரியின்மேல் எதிரொலிக்கும். வெண்தலைக் கழுகு மீனுக்காக வட்டமிடும். பீவர் என்னும் கொறிவிலங்கு மரக்கிளைகளைக் கடித்து வீழ்த்தி, ஓடைகளுக்குக் குறுக்கே தானே அணை கட்டும். செருப்பு வடிவ இளஞ்சிவப்பு மலர் பூக்கும் ஆர்க்கிட் செடியும் அக்காட்டில் உண்டு. அதுவே மினசோட்டாவின் மாநில மலர்.

அப்பகுதி ஏரிகளின் ஓரங்களில் நெல் போன்ற ஒரு நீர்ப்புல் விளைகிறது. காட்டரிசி எனலாம், ஒஜிப்வே மக்கள் 'மனோமின்' என்பர். அவர்களுக்கு அது அன்றாட உணவு மட்டுமன்று, புனிதமானதும்கூட. இருவர் படகில் செல்வர். ஒருவர் கழியால் படகைத் தள்ள, மற்றவர் கதிர்களைப் படகின்மேல் வளைத்துக் கோலால் மெல்லத் தட்டுவார். முற்றிய மணிகள் படகில் விழும். சில நீரில் விழுந்து மறு ஆண்டுக்கு விதையாகும். இப்பயிருக்கு நீர் மட்டம் மிகவும் முக்கியம். இளம்பயிராக இருக்கும்போது நீர் திடீரென உயர்ந்தால் வேரோடு பெயர்ந்துவிடும்.

குளிர்காலத்தில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் இறங்கும் நாட்கள் உண்டு. ஏரி உறைந்துவிடும். அப்படியானால் மீன்கள் மடியாவா? மடிவதில்லை. காரணத்தை நாம் இயற்பியலில் படித்திருக்கிறோம். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். ஆகவே அந்த நீர் அடியில் தங்கும். அதைவிடக் குளிர்ந்த நீரும் பனிக்கட்டியும் மேலே மிதக்கும். மேலே கிடக்கும் பனிக்கட்டியே போர்வையாகிக் கீழுள்ள உயிர்களைக் காக்கிறது. பாடநூலில் வெறும் வரியாக மனப்பாடம் செய்த விதி ஓர் ஏரியின் உயிரையே காப்பதை எண்ணினால் வியப்பாக இல்லையா?

மதகும் மங்கையும்

பனிக்குத் தப்பிய ஏரிக்கு மனிதனால் ஆபத்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மர வணிகர்கள் பைன் காடுகளை வேகமாக வெட்டி வீழ்த்தினர். வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைகளுக்கு அனுப்பினர். மறுபுறம், தொலைவிலுள்ள நகரங்களின் ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும் ஆண்டு முழுவதும் நீர் வேண்டுமென்று மேல் மிசிசிப்பியில் அரசே அணைகள் கட்டியது. 1884-ல் முடிந்த வின்னிபிகோஷிஷ் அணையால் நீர் உயர்ந்து, ஒஜிப்வே மக்களின் காட்டரிசிப் படுகைகளும், குடியிருப்புகளும், முன்னோர் கல்லறைகளும் நீரில் மூழ்கின. கீழே இருப்பவர்களின் வசதிக்கு மேலே இருப்பவர்கள் விலை கொடுத்தார்கள்.

இட்டாஸ்காவுக்கும் இக்கதி வந்துவிடக் கூடாது என்று போராடியவர் முன்னே சொன்ன புரோவர். அவருடைய முயற்சியால் 1891-ல் இட்டாஸ்காவை மாநிலப் பூங்காவாக்கும் சட்டம் நிறைவேறியது. எத்தனை வாக்கு வித்தியாசத்தில் தெரியுமா? ஒரே ஒரு வாக்கு! அந்த ஒருவர் அன்று சட்டசபைக்கு வராதிருந்தால்?

ஆனால் சட்டம் வந்த பின்னும் கோடரி ஓயவில்லை. பூங்காவுக்குள்ளேயே மர வணிகர்களுக்கு நிலம் இருந்தது. அவர்கள் ஆற்றுக்குக் குறுக்கே அணை போட்டு, மரம் மிதக்கவிடுவதற்காக மதகை அடைத்து நீரைத் தேக்கினர். ஏரியின் நீர் மட்டம் உயர்ந்து, கரையோர மரங்களின் வேர்கள் நீருக்குள் நின்றன. 1903-ல் பூங்காவின் ஆணையர் காலமானார். அவருடைய மகள் மேரி கிப்ஸ் அப்பொறுப்பில் அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 24. பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்களைவிட ஒன்பதே வயது மூத்தவர்! பெண்களுக்கு வாக்குரிமைகூட நாடு முழுவதும் கிடைத்திராத காலம் அது. அமெரிக்கப் பெண்கள் அவ்வுரிமையைப் பெற்றது 1920-ல்தான்.

மதகைத் திறந்து நீரை விடுமாறு மேரி கிப்ஸ் கேட்டார். மர வணிகரின் ஆட்கள் துப்பாக்கியைக் காட்டி, மதகைத் தொடுபவரைச் சுட்டுவிடுவதாக மிரட்டினர். அவர் அஞ்சிப் பின்வாங்கவில்லை. அவர் கையிலிருந்ததோ சட்டம் ஒன்றே. அப்பதவியில் அவர் சில மாதங்களே நீடிக்க முடிந்தது. மரம் வெட்டுவதும் உடனே நின்றுவிடவில்லை. மேலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. ஆயினும் "இது யாருடைய ஏரி?" என்ற கேள்வியை உரக்க எழுப்பியவர் அவர். இன்று இட்டாஸ்காவில் ஆறு தொடங்கும் இடத்திலுள்ள பார்வையாளர் கூடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மனிதர் அடுக்கிய கற்கள்

கடைசியாக ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் வந்து, காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஏரி முனையில் உள்ள கற்களின்மேல் நடந்து மிசிசிப்பியைக் கடக்கிறார்கள். அக்கற்கள் இயற்கையாக அமைந்தவை அல்ல! அவ்விடம் முன்பு கால் புதையும் சேறாக இருந்தது. 1930-களில் வேலையற்ற இளைஞர்களுக்கு வேலை கொடுத்த அரசுத் திட்டத்தின்கீழ், சேற்றை அகற்றி, வாய்க்காலைச் சீராக்கி, அடியில் கான்கிரீட் இட்டு, மேலே கற்களை அடுக்கினார்கள். பேராற்றின் தொடக்கம் பார்ப்பதற்கு அழகாக இருக்க வேண்டுமென்ற ஆசைதான்.

அப்படியானால் நம் பெரியவர்கள் சொன்னது சரிதானே? நதிமூலம் பார்க்கப் போனவர்கள் சேற்றைத்தானே கண்டார்கள்? ஆம். ஆனால் அந்தச் சேறும் சதுப்பும்தான் மழைநீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக விடுகின்றன. அழகில்லை என்று நாம் முகம் சுளிப்பதுதான் ஆற்றுக்கு முலைப்பால்.

முடிவுரை

வினாடிக்கு 6 கன அடி. முழங்கால் ஆழம். ஒரே வாக்கு. இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி. இட்டாஸ்காவின் கதையில் வருபவை எல்லாம் சிறியவையே. ஆறு பெரிதான பிறகு அதைத் தடுக்கவோ கெடுக்கவோ பெரிய முயற்சி வேண்டும். ஆனால் அது பிறக்கும் இடத்தில், ஒரு மதகை மூடினாலே போதும். சில மரங்களை வெட்டினாலே போதும். அதுபோலவே காப்பதற்கும் அங்கே ஒருவரின் உறுதியே பேருதவியாகிவிடுகிறது. ஆகவே காவல் எங்கே வேண்டும் என்றால், சிறியதாக இருக்கும் இடத்தில்தான் வேண்டும்.

நம் ஊர் ஆறுகளுக்கும் தலை உண்டு. எங்கோ ஒரு மலைச்சோலையில், ஏதோ ஒரு சுனையில் அவையும் முழங்கால் ஆழத்தில்தான் தொடங்குகின்றன. ஊர் ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாயைத் தூர்த்துவிட்டு, "ஏரியில் நீரில்லையே" என்று வானத்தைப் பார்த்துப் பயனில்லை. தோழியரே! அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர் ஆற்றையோ ஏரியையோ பார்க்கும்போது, "இந்த நீர் எங்கிருந்து வருகிறது?" என்று பெரியவர்களைக் கேளுங்கள். முடிந்தால் அந்த வழியே சிறிது தூரம் நடந்தும் பாருங்கள். ரிஷிமூலம் பார்க்க வேண்டாம். ஆனால் நதிமூலத்தைக் கட்டாயம் பார்ப்போம். பார்த்தால்தான் காக்கத் தோன்றும்.

— பத்தாம் வகுப்பு மாணவி